மயிலாடுதுறைக் கடல்நீர்த் தொட்டியில் செம்புழுப் பெருக்கம்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

தொட்டி இருப்பது மயிலாடுதுறையில், ஒரு பல் மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில். நான்கரை அடி நீளக் கண்ணாடித் தொட்டி, அதன் கீழே சம்ப், அதாவது தண்ணீர் வடிகட்டப்படும் துணைத் தொட்டி. கல், மணல் போக மேலே 380 லிட்டரும் சம்பில் 90 லிட்டருமாக 470 லிட்டர் தண்ணீர் ஓடுகிறது. இந்தக் கணக்கை முதலிலேயே சொல்லக் காரணம், கண்ணாடியின் நீள அகலத்தைப் பெருக்கி வரும் எண்ணை வைத்து மருந்து போடுபவர்கள் அதிகம். அந்த எண் இங்கே 500-ஐத் தாண்டும்.

உள்ளே இருந்தவை ஒரு ஜோடி கோமாளி மீன், மூன்று டாம்சல், ஒரு ஃபயர்ஃபிஷ், ஒரு கோபி ஆகிய மீன்கள், கிளீனர் இறால் ஒன்று, கொஞ்சம் நத்தைகள், கல் இடுக்குகளில் விசிறிப் புழுக்கள். பவளங்கள் எல்லாமே மென்பவள வகையும் அதன் உறவுகளும்தான்: ஸோவா, மஷ்ரூம், லெதர், சீனியா. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-இல் கல் பவளங்கள் சேர்க்கப்பட்டன. நம் கடலில் அவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றம். உரிமையாளரான மருத்துவர் இதில் கண்டிப்பானவர். தொட்டியில் இருக்கும் பாறைகூடக் கடலிலிருந்து வந்ததல்ல, செயற்கைப் பாறை.

அன்றாட வேலையைப் பார்ப்பவர் காரைக்காலைச் சேர்ந்த ஓர் இளைஞர். வாரம் ஒருமுறை வருவார். ஜனவரி முதல் செப்டம்பர் வரை தரங்கம்பாடிப் பக்கம் கடல்நீர் எடுத்து, வடிகட்டி, சில நாள் இருட்டில் வைத்துப் பயன்படுத்துவது அவர் வழக்கம். ஐப்பசி பிறந்தால் அது நடக்காது. வடகிழக்குப் பருவமழையில் ஆறும் வாய்க்காலும் வடிகாலும் கொண்டுவந்து கொட்டும் தண்ணீரில் கரையோரக் கடல் கலங்கிப் போகும், உப்பும் குறையும். அந்த நவம்பரில் அவர் கொண்டுவந்த கேனை உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் வைத்துப் பார்த்தபோது அடர்த்தி 1.019. தொட்டிக்கு வேண்டியது 1.025. டெல்டாவில் கடல்நீர்த் தொட்டி வைப்பவர்களுக்கு மழைக்காலத்தில் கையில் மாற்றுத் தண்ணீர் இல்லாமல் போவது இப்படித்தான். இந்த நிகழ்வு முழுக்க அந்தத் தட்டுப்பாட்டுக்குள்தான் நடந்தது.

முதல் அறிகுறிகள்

ஆயுத பூஜை வாரத்தில் ஒரு விற்பனையாளரிடமிருந்து புது ஸோவாக் கூட்டம் ஒன்று சிறு கல்லோடு வந்தது. அன்றே தொட்டிக்குள் போயிற்று. நவம்பர் முதல் வாரம் மஷ்ரூம்களுக்குப் பக்கத்தில் துருப்பிடித்த இரும்புத் தூள் போல அங்கங்கே புள்ளிகள் தெரிந்தன. பாசி என்று நினைத்து விட்டுவிட்டார்கள். மூன்றாவது வாரத்தில் முன்கண்ணாடியின் ஓரமும் வெளிச்சம் விழும் கற்களின் தலைப்பும் செம்பழுப்பாகிவிட்டன. ஸோவாக்கள் பகலிலும் மூடியே கிடந்தன.

பராமரிப்பாளர் கவனித்துச் சொன்ன ஒன்று பின்னால் மிகவும் உதவியது. "சார், லைட்டு எரியறப்ப அப்பிக்கிட்டு இருக்கு. அணைச்சுட்டு டார்ச் அடிச்சுப் பார்த்தா பாதிகூட இல்ல."

அதே வாரம் ஆடுகளுக்குக் கொடுக்கும் குடற்புழு மருந்தைக் கொஞ்சமாக ஊற்றிப் பார்த்திருக்கிறார்கள். முழு அளவு போட்டால் மீனுக்கு ஆகாதே என்ற பயத்தில் குறைத்து ஊற்றியது அது. மாலைக்குள் புழுக்களில் ஒரு பகுதி உதிர்ந்தது. இரவில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. விடிந்தபோது ஃபயர்ஃபிஷும் ஒரு டாம்சலும் செத்துக் கிடந்தன. அதன் பிறகுதான் எனக்கு அழைப்பு வந்தது.

இன்னதென்று அறிந்தது

நகைக்கடைகளில் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸ் போதுமாக இருந்தது. சொட்டுக்குழாயால் சிலவற்றை உறிஞ்சி வெள்ளைக் கிண்ணத்தில் விட்டுப் பார்த்தோம். நீளம் சில மில்லிமீட்டர், தட்டையான உடல், துருச்சிவப்பு நிறம், பின்முனையில் மூன்று சிறு வால் மடல்கள். கன்வொல்யூட்ரிலோபா இனம் என்பதில் சந்தேகம் இல்லை. கடைகளில் இதைச் செந்தட்டைப்புழு என்றும் ரெட் பிளனேரியா என்றும் சொல்வார்கள். உண்மையில் இது பிளனேரியாவும் அல்ல, இன்றைய வகைப்பாட்டின்படி தட்டைப்புழுத் தொகுதியைச் சேர்ந்ததும் அல்ல. குடல் குழியே இல்லாத ஏசீலா என்ற தனிப் பிரிவு.

சிகிச்சையைத் தீர்மானித்தவை இதன் மூன்று குணங்கள். ஒன்று, இதன் உடலுக்குள் ஒற்றைச்செல் பாசி குடியிருக்கிறது, அதனால் வெளிச்சம் தேடி வரும். பராமரிப்பாளர் டார்ச் அடித்துப் பார்த்தது அதைத்தான். இரண்டாவது, இணை இல்லாமலே பெருகும். இனத்துக்கு ஏற்ப மொட்டு விட்டோ உடல் பிளந்தோ புதுப் புழு உண்டாகும், ஆகவே ஒன்றே ஒன்று தப்பினாலும் மறுபடி தொட்டி நிறையும். மூன்றாவதுதான் ஆபத்தானது. உயிரோடு இருக்கும்போது இது மீனுக்குக் கெடுதல் செய்வதில்லை. பவளத்தை மூடி வெளிச்சத்தை மறைக்கும், தொட்டியில் இருக்கும் கோபிபாடு என்ற நுண்ணிய, இறால் உறவு உயிர்களைத் தின்னும், அவ்வளவுதான். கூட்டமாகச் சாகும்போது உடலிலிருந்து வெளியேறும் நஞ்சு தண்ணீரில் கலக்கிறது. மீன்கள் அதில்தான் போகின்றன.

முதல் முயற்சியில் ஊற்றிய மருந்துப் புட்டியையும் வாங்கிப் பார்த்தேன். லெவமிசோலோடு ஆக்ஸிக்ளோசனைடு சேர்ந்த கலவை. கால்நடை மருந்துக் கடைகளில் லெவமிசோல் மட்டும் உள்ளதும் கிடைக்கும், இந்தக் கலவையும் கிடைக்கும். புட்டியும் மூடியும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ஆக்ஸிக்ளோசனைடு மாட்டின் ஈரல் புழுவுக்கானது, அதற்கு இந்தத் தொட்டியில் எந்த வேலையும் இல்லை. இரண்டு மீன்களையும் கொன்றது புழு நஞ்சா, கூடவந்த மருந்தா என்று பிரிக்க வழியில்லாத நிலையில், இரண்டுக்கும் சேர்த்தே தற்காப்புச் செய்வது என்று முடிவெடுத்தோம்.

தண்ணீர்ச் சோதனையில் நைட்ரேட் லிட்டருக்கு 40 மில்லிகிராம், பாஸ்பேட் 0.3, இரண்டுமே அதிகம். விசாரித்தபோது காரணம் தெரிந்தது. காலையில் வரவேற்பில் இருக்கும் அக்கா தீனி போடுகிறார், மதியம் செவிலியர் போடுகிறார், இரவுக் காவலர் தாத்தாவும் போடுகிறார். மற்ற இருவர் போடுவது ஒருவருக்கும் தெரியாது. மூவருக்கும் அந்த மீன்கள் மேல் அப்படியொரு பிரியம். மிஞ்சிய தீனியில் கோபிபாடு பெருகியது, அதைத் தின்று புழு பெருகியது.

எடுத்த முடிவுகள்

உரிமையாளரின் முதல் விருப்பம் மருந்தே இல்லாமல், புழு தின்னும் மீன் விடுவது. ஆறுகோட்டு ராஸ், மஞ்சள் ராஸ் இரண்டும் இதைத் தின்பதுண்டு. ஆனால் எல்லா மீனும் தின்னாது. தீனிக்குப் பழகிவிட்ட மீன் புழுவைத் திரும்பியும் பார்க்காமல் போகலாம். ஆறுகோட்டு ராஸ் பெரிதானால் அடக்கமான கோபியை விரட்டியடிக்கும். கெலிடோனூரா என்ற கருநீலக் கடல் நத்தை இந்தப் புழுக்களையே உணவாகக் கொண்டது, புழு தீர்ந்ததும் அது பட்டினியில் செத்துவிடும். ஓர் உயிரைக் கருவியாக வாங்கி வேலை முடிந்ததும் சாகவிடுவதில் மருத்துவருக்கும் எனக்கும் உடன்பாடில்லை. புழு குறைவாக இருக்கும் தொட்டியில் ராஸ் நல்ல வழி. கண்ணாடியே சிவந்துவிட்ட தொட்டியில் அது போதாது.

எனவே லெவமிசோல் என்று முடிவாயிற்று. அது புழுவின் நரம்புத் தசை இணைப்பைத் தூண்டி, தசைகளை இறுக்கி முடக்கும். பிடி தளர்ந்த புழு கீழே உதிரும். உதிர்ந்ததைச் சாகும் முன்பே வெளியே எடுத்துவிடலாம் என்பதே இந்த மருந்தின் பெரிய வசதி.

எப்போது போடுவது என்பதில்தான் நீண்ட பேச்சு நடந்தது. மருத்துவர் அந்த வார இறுதியிலேயே முடித்துவிட நினைத்தார். வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகிறது என்ற அறிவிப்பு அன்று காலை வந்திருந்தது. நஞ்சு கலந்த தண்ணீரில் மீனைக் காப்பாற்றுவது மூச்சுக்காற்று. பம்பு நின்றால் காற்று இல்லை. 2018 நவம்பர் 16 அன்று கஜா கரையேறிய பிறகு டெல்டாவில் பல ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்ததை யாரும் மறக்கவில்லை. மழை ஓயும் வரை மருந்து வேண்டாம், அதுவரை கையால் புழுவைக் குறைப்போம் என்றேன். மருத்துவர் ஒத்துக்கொண்டார்.

காத்திருந்த நாள்களில்

அந்தக் காத்திருப்பைத்தான் இந்தச் சிகிச்சையின் பாதி என்று கருதுகிறேன்.

காற்றுக்குழாய் அளவுள்ள மெல்லிய குழாயை ஒரு குச்சியில் கட்டி, மறுமுனையைச் சம்பில் தொங்கும் ஃபில்டர் சாக்குக்குள் விட்டோம். புழு சாக்கில் தங்கும், தண்ணீர் சம்புக்கே திரும்பிவிடும். மாற்றுத் தண்ணீர் கிடைக்காத காலத்தில் ஒரு சொட்டுகூட வீணாகாமல் தினமும் உறிஞ்ச முடிந்தது இதனால்தான். விளக்கு போட்டு இரண்டு மணி நேரம் கழித்து, புழுக்கள் வெளிச்சத்துக்கு ஏறி வந்திருக்கும்போது செய்தால் ஒரு தடவையிலேயே நிறைய வரும். சாக்கைக் கழற்றி வெந்நீரில் அலசி வெயிலில் போடவேண்டும்.

பராமரிப்பாளர் குழாயை வாயில் வைத்து உறிஞ்சித் தண்ணீரை இழுத்துவிடுகிற பழக்கம் உள்ளவர். அதை முதல் நாளே நிறுத்தச் சொன்னேன். ஸோவாக்களில் சில பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சைச் சுமக்கின்றன. வாய், கண், கையிலுள்ள வெட்டுக்காயம் எதிலும் அந்தத் தண்ணீர் படக்கூடாது. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டே வேலை நடந்தது. தொழிலில் நாள்பட்டவர்களும் அலட்சியமாக இருக்கும் இடம் இது என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

தீனி ஒரு நாளைக்கு ஒருமுறை, அதுவும் வரவேற்பு அக்கா மட்டும் என்று ஆனது. தாத்தாவுக்கு வருத்தம்தான். புழு போனதும் வாரத்தில் ஒருநாள் அவர் கையால் என்று சொன்ன பிறகு சமாதானமானார்.

தண்ணீர் தயாரிப்பு தனி வேலை. பாதி அளவாவது மாற்றத் தண்ணீர் வேண்டும், அதாவது ஏறக்குறைய 230 லிட்டர். ஆழ்குழாய்த் தண்ணீரை நினைத்துப் பார்க்கவும் முடியாது. கடையில் விற்கும் கேன் தண்ணீர் ஆர்.ஓ. தான் என்றாலும் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் கேனுக்குக் கேன் வேறு எண் காட்டியது, சிலவற்றில் தாது உப்பு மறுபடி சேர்க்கப்படுகிறது. மருத்துவமனையிலேயே இருந்த ஆர்.ஓ. கருவியின் தண்ணீரை மிச்ச உப்பையும் நீக்கும் டீஅயனைசிங் ரெசின் வழியாக விட்டு எடுத்து, எட்டரை கிலோ ரீஃப் உப்பைக் கலந்து, ஒரு நாள் முழுக்கப் பம்பில் சுழல விட்டோம். அடர்த்தி 1.025, வெப்பநிலை 26 டிகிரி, இரண்டும் தொட்டியோடு ஒத்துப்போன பிறகே தண்ணீர் தயார் என்று கொண்டோம்.

கார்பன் ஒரு கிலோ வாங்கி வைத்தோம். கொட்டாங்கச்சியிலிருந்து தயாராகும் ஆக்டிவேட்டட் கார்பன் நம் மாநிலத்திலேயே நல்ல தரத்தில் கிடைக்கிறது. அடுப்புக்கரி அந்த வேலையைச் செய்யாது. நீராவியில் பதப்படுத்தி உள்ளே நுண்துளைகள் உண்டாக்கப்பட்டது மட்டுமே நஞ்சைப் பிடித்துவைக்கும்.

மருந்து அளவைக் கண்டது

லெவமிசோல் மட்டும் உள்ள, சர்க்கரையோ நிறமோ சேராத மருந்தை ஒரு கால்நடை மருத்துவர் வழியாகப் பெற்றோம். எத்தனை மில்லி போட்டோம் என்பதை இங்கே எழுதாமல் விடுவது வேண்டுமென்றேதான். மருந்தின் செறிவு தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறுகிறது, ஒருவர் புட்டியின் கணக்கு இன்னொருவர் தொட்டியில் கொலையாக முடியும். முறையைச் சொல்கிறேன்.

நான்கு வாளிகளில் ஐந்து ஐந்து லிட்டர் தொட்டித் தண்ணீர். ஒவ்வொன்றிலும் காற்றுக்கல், கொஞ்சம் புழு, ஒரு நத்தை, சிறு துண்டு ஸோவா. ஒரு வாளியில் மருந்தே இல்லை, மற்ற மூன்றில் படிப்படியாக ஏறும் அளவு. குறைந்த அளவு வாளியில் பாதிப் புழு சுருண்டு பிறகு தெளிந்து நகர்ந்தது. நடு அளவில் அரை மணிக்குள் எல்லாமே உதிர்ந்தன, மறுநாள் நத்தை நடந்தது, ஸோவா விரிந்தது. அதிக அளவிலும் புழு உதிர்ந்தது, ஆனால் ஸோவா இரண்டு நாள் மூடிக்கிடந்தது. நடு அளவை 470 லிட்டருக்குக் கணக்கிட்டோம்.

குறைந்த அளவு வாளி காட்டியதை மருத்துவரும் பராமரிப்பாளரும் தாமே கண்ணால் பார்த்தது நல்லதாயிற்று. பயந்து குறைத்துப் போடுவதில் பாதுகாப்பு எதுவும் இல்லை. பாதிப் புழு செத்து நஞ்சு விடும், மீதி பிழைத்துப் பெருகும்.

சிகிச்சை நாள்

டிசம்பர் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மருத்துவமனைக்கு விடுமுறை. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நிறுத்தம் அன்று இல்லை என்பதையும் முன்னதாக உறுதிசெய்துகொண்டோம். இன்வெர்ட்டரில் ஏர் பம்பும் நீரோட்டம் உண்டாக்கும் ஒரு வேவ்மேக்கரும் இணைக்கப்பட்டன, கூடவே பேட்டரி ஏர் பம்பு ஒன்றும் தயாராக இருந்தது.

காலை ஆறு மணிக்கு விளக்கு போட்டு, எட்டு மணிக்குக் கடைசியாக ஒருமுறை உறிஞ்சினோம். கார்பன் மருந்தையும் பிடித்துவிடும் என்பதால் அதை வெளியே எடுத்துவிட்டு, நுரையாக அழுக்கைப் பிரிக்கும் ஸ்கிம்மரின் கிண்ணத்தைக் கழற்றிக் காற்று மட்டும் ஓடவிட்டோம். மருந்தைப் பெரிய குவளையில் தொட்டித் தண்ணீரோடு கலந்து, நீரோட்டம் வேகமாக உள்ள இடத்தில் மெல்ல ஊற்றினோம். சம்பிலும் புழு இருந்ததால், அங்கிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்பை நிறுத்தவில்லை.

பத்து நிமிடத்தில் புழுக்களின் ஓரம் சுருள ஆரம்பித்தது. இருபது நிமிடத்தில் உதிர்ந்து தண்ணீரெங்கும் மிதந்தன. அவ்வளவு நாள் உறிஞ்சியும் கல்லின் பின்புறத்திலிருந்து வந்த கூட்டம் எல்லாரையும் அதிரவைத்தது. இருவர் குழாயோடும் ஒருவர் சாக்கை மாற்றுவதுமாக நிற்காமல் உறிஞ்சினோம். ஒன்பதரை வாக்கில் பெண் கோமாளி மீன் மூலையில் ஒதுங்கி வேகமாக மூச்சு விட்டது. அறிகுறி தெரிந்த நொடியில் கார்பனைப் போட்டோம், திட்டமிட்டிருந்த நேரத்துக்குக் கால் மணி முன்பே. உடனே தண்ணீர் மாற்றத் தொடங்கி, கலந்து வைத்திருந்தது முழுவதையும் பதினொரு மணிக்குள் உள்ளே விட்டோம். நண்பகலில் மீனின் மூச்சு சீரானது.

இருபத்தாறு டிகிரியில் இதைச் செய்தது கைகொடுத்தது. 25 டிகிரிக் கடல்நீர் லிட்டருக்குச் சுமார் 6.7 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும், 30 டிகிரியில் 6.2 தான். சித்திரைக் கத்திரியில் குளிர்விப்பான் இல்லாத கூடத்தில் இதே வேலையைச் செய்யத் துணியமாட்டேன்.

அதன் பிறகு

மறுநாள் கார்பனை மாற்றினோம். மீன் ஒன்றுகூட இறக்கவில்லை, கிளீனர் இறாலும் நலம். விசிறிப் புழுக்கள் எல்லாமே போயின. லெவமிசோல் வளையப் புழுக்களையும் தாக்கும் என்று தெரிந்தே ஏற்ற இழப்பு அது. மணலுக்குள் இருந்த முட்புழுக்களும் செத்திருக்கும் என்பதால் அம்மோனியாவைத் தினமும் அளந்தோம், கவலைப்படும் அளவுக்கு ஏறவில்லை. சீனியாக் கூட்டம் ஒன்று கரைந்தது. ஸோவாக்கள் அந்த வாரக் கடைசியில் முழுதாக விரிந்தன.

பத்து நாள் கழித்து, ரிட்டர்ன் குழாய் தொட்டியில் சேரும் முழங்கைப் பகுதியில் பராமரிப்பாளர் மூன்று புழுக்களைக் கண்டார். தொட்டியைப் பார்த்தால் சுத்தமாக இருந்தது. ஆனாலும் ஜனவரி தொடக்கத்தில் அதே அளவில் மீண்டும் மருந்து போட்டோம். இம்முறை உதிர்ந்தவை விரல்விட்டு எண்ணும்படிதான் இருந்தன, மீன்கள் சலனமே காட்டவில்லை. அதன்பின் மே வரை பார்த்ததில் ஒரு புழுவும் இல்லை. நைட்ரேட் 10-க்கு இறங்கியது. தாத்தா வெள்ளிக்கிழமைதோறும் தீனி போடுகிறார்.

இனி மாறுவன

புது உயிர் எது வந்தாலும் நாற்பது லிட்டர் தனித்தொட்டியில் ஆறு வாரம் இருந்த பிறகே உள்ளே வரும். வந்த அன்றே பவளத் துண்டை மருந்துத் தண்ணீரில் முக்கி, கிண்ணத்தில் உதிர்வதை லென்ஸ் வைத்துப் பார்க்கிறார்கள். தனித்தொட்டிக்கு ஆன செலவு இந்தச் சிகிச்சையில் உப்புக்கு மட்டும் ஆனதைவிடக் குறைவு.

இறந்துபோன இரண்டு மீன்களின் இடத்தை நிரப்பக் கடலில் பிடித்ததை வாங்க வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கோமாளி மீன்களையும் சில டாம்சல் வகைகளையும் பண்ணையில் குஞ்சு பொரிக்க வைக்கும் நுட்பம் மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையத்தில் உருவாகி ஆண்டுகள் பல ஆகின்றன. பண்ணையில் பிறந்த மீனுக்காகக் காத்திருக்கிறார்.

சிகிச்சை முறையில் நான் மாற்றுவது இரண்டு. மருந்துக்கு முந்தைய நாளே விசிறிப் புழு ஒட்டியிருக்கும் கற்களில் ஒன்றை வேறு வாளிக்கு எடுத்து, செம்புழு இல்லை என்று உறுதியான பிறகு திரும்ப வைப்பேன். ரிட்டர்ன் குழாயைக் கழற்றி வெந்நீர் ஊற்றிக் கழுவுவதை முதல் சிகிச்சை நாளிலேயே சேர்ப்பேன். இந்தத் தொட்டியில் புழு மிஞ்சியது அந்த ஓர் இடத்தில்தான்.

தண்ணீருக்கு, செப்டம்பர் கடைசியில், மழை தொடங்குமுன் எடுக்கும் கடல்நீரில் 250 லிட்டரை மூடிய நீல டிரம்களில் மாடிப்படிக்குக் கீழே சேர்த்து வைக்க ஏற்பாடாகியிருக்கிறது. அதோடு பத்து கிலோ உப்பும் ஒரு கிலோ கார்பனும் பிரிக்காமல் இருக்கும். பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் பொங்கலுக்குப் பிறகு அந்தத் தண்ணீர் வழக்கமான மாற்றத்துக்குப் போய்விடும்.